ஓரடிக்கு அரை நூல்

மூலைமட்டத்தை வெயிலில் வைக்கக் கூடாது. ஈரத்திலும் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துப் படுக்க வைத்துவிட வேண்டும். பட்டறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாள் நான் சொல்வது இதைத்தான். ஒருவரும் இதுவரை தவறாகச் சொன்னேன் என்று சொன்னதில்லை.

ஐயா, சபைக் குருவானவராகிய நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என்னை நிறுத்தி, இரண்டு வருஷமாக ஏன் திருவிருந்து எடுக்க முன்னால் வரவில்லை என்று கேட்டீர்கள். பக்கத்தில் என் மனைவி யூனிஸ் நின்றாள். வயிற்றுக்கோளாறு என்று சொன்னேன். மாதத்தில் திருவிருந்து நடக்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற வயிற்றுக்கோளாறு. நீங்கள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்கொள்ளும், எலியேசர்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் கடிந்து பேசியிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

பட்டறை வேலை உங்களுக்குப் பழக்கமில்லாததால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூலைமட்டம் என்பது ஒரு கட்டையும் அதில் நிமிர்ந்து நிற்கிற ஓர் எஃகு அலகும்தான். இரண்டும் சேருகிற மூலை சரியாகத் தொண்ணூறு டிகிரி. கதவோ பெஞ்சோ கூரையோ எல்லாம் அந்த மூலையில்தான் தொடங்கும். பாளையங்கோட்டையில் எங்கள் முதலாளி அப்பாத்துரையின் பட்டறையில் அப்போது என்னைத் தவிர வேலை செய்த ஒன்பது பேரும் ஆளுக்கொரு மூலைமட்டம் வைத்திருந்தார்கள். அந்த ஒன்பதுக்கும் மேலே ஒன்று உண்டு. முதலாளியின் தகப்பனார் சீமையிலிருந்து வரவழைத்தது. தேக்குப் பெட்டிக்குள் நீலப் பட்டின் மேல் படுத்திருக்கும். கூடவே டிகிரி வெட்டிய பித்தளை அரைவட்டத் தகடு ஒன்றும், எந்தச் சாய்வுக்கும் மடக்கி வைக்கக்கூடிய சாய்மட்டம் ஒன்றும் உண்டு. அவை இரண்டும் கூரை வேலை வந்தால் வெளியே வரும். சீமை மட்டம் மட்டும் எந்த வேலைக்கும் வராது. மற்ற மட்டங்களைச் சோதிப்பது ஒன்றே அதன் வேலை. அதைத் தாய்மட்டம் என்போம், வாய்ச் சுருக்கத்தில் தாய்.

திங்கட்கிழமை காலையில் எல்லாரும் கருங்கல் மேடையைச் சுற்றி நிற்போம். முதலாளி ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிப்பார். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும் அந்த நேரத்தில் நான் பெட்டியைத் திறந்து தாயை எடுத்து மேடை மேல் வைத்துவிட வேண்டும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் தாய் அங்கே இருக்கும். முதலாளியின் தகப்பனார் வைத்த ஒழுங்கு அது. பிறகு ஒவ்வொருவராக வந்து, தன் மட்டத்தின் வெளிமூலையைத் தாயின் உள்மூலைக்குள் பொருத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். மடியில் வைத்துப் பார்ப்பது என்று அதற்குப் பெயர். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அவர் மட்டம் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். அரம் போட்டுத் தேய்த்து, வெளிச்சம் கசியாமல் ஆக்கிக்கொண்டுதான் அந்த வார வேலையைத் தொடங்க வேண்டும்.

பெட்டிச் சாவி இருபத்திரண்டு வருஷமாக என் அரைஞாணில் கிடக்கிறது. நான் பனையேறியின் மகன். எங்கள் குடும்பத்தில் சாவி வைத்துப் பூட்டும்படியான ஒரு பொருளை முதலில் தொட்டவன் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

1909ஆம் வருஷம் மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எண்ணெய் போடுவதற்காகத் தாயை வெளியே எடுத்தேன். கையில் வியர்வை. நழுவிக் கருங்கல் மேடையின் விளிம்பில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் சோதித்துப் பார்த்தேன்.

ஒரு மூலைமட்டத்தைச் சோதிக்க இன்னொரு மட்டம் வேண்டியதில்லை. விளிம்பு நேராக உள்ள ஒரு பலகை போதும். கட்டையை விளிம்போடு ஒட்டி வைத்து அலகோரமாக ஒரு கோடு கீற வேண்டும். பிறகு மட்டத்தை மறுபுறம் திருப்பி, அதே புள்ளியில் வைத்து இன்னொரு கோடு கீற வேண்டும். மட்டம் சரியாக இருந்தால் இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழும். கோணலாக இருந்தால் ஒரே புள்ளியில் புறப்பட்ட இரண்டு கோடும் போகப்போக விலகும். விலகுவது உண்மையான கோணலைப்போல் இரண்டு மடங்கு. அன்று எனக்கு ஓரடி உயரத்தில் ஒரு நூல் விலகியது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாங்கள் நூல் என்போம். ஆகத் தாய் சாய்ந்திருந்தது ஓரடிக்கு அரை நூல். டிகிரி கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பித்தளைத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். முழு டிகிரிகளை மட்டுமே எண்ணத் தெரிந்த அந்தத் தகடு தொண்ணூறு என்றது.

முதலாளி பட்டறைக்கு அடுத்த வீட்டில்தான் இருந்தார். போய்ச் சொல்லியிருந்தால், "சரிவே, மதராசுக்கு எழுதுவோம்" என்றிருப்பார். திட்டியிருக்க மாட்டார். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால், எலியேசர் கையிலிருந்து விழுந்துவிட்டதாம் என்று பட்டறையில் ஒருவருக்கொருவர் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தாயைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

திங்கட்கிழமை வந்தது. ஜெபம் முடிந்து ஒவ்வொருவராக மடியில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்பது மட்டத்திலும் வெளிச்சம் கசிந்தது. முதலாளிக்கே ஆச்சரியம்.

"என்னவே எலியேசர், ஒம்பதும் ஒரே வாரத்துல கெட்டுப்போச்சா?"

"கோடைக்காலம்லா முதலாளி. சூட்டுல எஃகு நீளத்தான செய்யும்."

அவர் தலையாட்டினார். எட்டு பேர் அரத்தை எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் எட்டு நல்ல மட்டங்களும் தாயைப்போலவே சாய்ந்துவிட்டன. வேலையும் நின்றுவிடவில்லை. எல்லா மட்டமும் ஒரே மாதிரி சாய்ந்திருந்ததால் இங்கே அறுத்த சட்டம் அங்கே அறுத்த சட்டத்தோடு அழகாகப் பொருந்தியது. எட்டு பேரும் கீழ்ப்படிந்ததில் என் பொய் இரும்பில் ஏறிக்கொண்டது.

அரம் எடுக்காத ஒன்பதாவது ஆள் இசக்கியப்பன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். சீவலப்பேரிப் பக்கம் ஊர். சாமி கும்பிடுகிற குடும்பம். ஆனாலும் எங்கள் ஜெபத்தில் எல்லாருக்கும் முன்னால் கண்ணை மூடுவான். பழைய ரம்பத் தகட்டையும் ஈட்டி மரக் கட்டையையும் வைத்துத் தன் மட்டத்தைத் தானே செய்திருந்தான். எந்தப் பலகையைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு கண்ணை மூடி, விளிம்போரமாகப் பார்வையை ஓட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான். சாப்பாட்டு இலை போட்டால்கூட அப்படித் தூக்கிப் பார்ப்பான் என்று கேலி செய்வோம்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாதிய. தாய் சாஞ்சிருக்கு."

"ஒன் மட்டம் சாஞ்சிருக்கும்லே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திருப்பித் திருப்பிப் போட்டுக் கீறிப் பாத்தேன். ஒரே கோடுதான் விழுது. அப்பம் மடியில வெளிச்சம் எங்கன இருந்து வருது?" குரலைத் தாழ்த்தினான். "எங்கனயும் தட்டியிருக்கும் அண்ணாச்சி. கை தவறாத மனுசன் யாரு? சாவிய எடுங்க. நாம ரெண்டு பேருமா பைய அரம் போட்டுச் சரி பண்ணிருவோம். எங்கிட்ட இருந்து ஒரு பேச்சு வெளிய போவாது."

ஐயா, அவன் காலில் நான் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். ஆற்றில் குளிக்கும்போது இடுப்புத் துண்டை வெள்ளம் கொண்டு போய்விட, கரையில் நிற்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் துண்டை நீட்டுகிறான் என்றால் அவன்மேல் ஒரு கோபம் வருமே, அந்தக் கோபம். அவன் பார்த்துவிட்டான். எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் பார்த்துவிட்டவன். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், இசக்கியப்பன் அரம் போட மாட்டேன் என்கிறான், தாயே கோணல் என்கிறான் என்று சொன்னேன். இரண்டும் உண்மைதான். எப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. "எங்க அப்பா வாங்கி வச்சது வே அது" என்றார். வருகிற திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் இரண்டு மட்டத்தையும் பலகையில் கீறிப் பார்த்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. இசக்கியப்பனுக்குச் சந்தோஷம். நானே இந்த ஏற்பாட்டைச் செய்து, தானாக உண்மை வெளியே வரும்படி வழிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "பலகைய எலியேசர் அண்ணாச்சியே எடுத்துக் குடுக்கட்டும்" என்றான்.

பலகை எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, ஓர் இழைப்புளியை வைத்துக்கொண்டு பலகையின் விளிம்பை ஒரு மணி நேரம் இழைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எந்த வேலையும் செய்ததில்லை. விளிம்பின் நடுவைத் தொடாமல் விட்டு, இரண்டு பக்கத்தையும் மயிரிழை மயிரிழையாகச் சரித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை முகடுபோல. அந்த விளிம்பில் நல்ல மட்டத்தை வைத்தால், முதலில் ஒரு சரிவிலும் திருப்பிப் போடும்போது மறு சரிவிலும் உட்கார்ந்து, இரண்டு கோடு காட்டும். தாயின் கோணல் எவ்வளவு என்று எனக்குத் தெரியும் அல்லவா? சரிவை அதற்குச் சரியாக வைத்தேன். கோணல் மட்டத்தைக் கோணல் விளிம்பில் வைத்தால் கோடு ஒன்றாக விழும். சோதித்தும் பார்த்துக்கொண்டேன். விழுந்தது.

திங்கட்கிழமை அந்தப் பலகையை இசக்கியப்பன் கையில் கொடுத்தேன். அவன் அதைக் கண்ணருகே தூக்கிப் பார்க்கவில்லை. நேராக மேடையில் வைத்தான். ஒரு தரம் பார்வையை ஓட்டியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஏன் அன்றைக்கு மட்டும் பார்க்காமல் விட்டான் என்று வெகு நாள் யோசித்திருக்கிறேன். நான் கொடுத்ததால்தான். எல்லார் முன்னாலும் நான் கொடுத்த பலகையைத் தூக்கிப் பார்ப்பது எனக்கு மரியாதைக்குறைவு என்று நினைத்திருக்கிறான்.

அவன் மட்டம் இரண்டு கோடு காட்டியது. தாய் ஒரே கோடு காட்டியது. அவன் தன் மட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். முதலாளி அரத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். கால் மணி நேரம் நின்று தன் மட்டத்தைத் தானே தேய்த்தான். பிறகு தாயின் மடியில் வைத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "இப்பம் சரியா அண்ணாச்சி?" என்று கேட்டான். சரி என்றேன்.

நாலைந்து நாள் கழித்து, அந்தப் பலகையை இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டான். வெந்நீர் அடுப்பில் வைத்தாயிற்று என்றேன். அது உண்மை. அன்று மத்தியானமே எரித்துவிட்டேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதன் பிறகு அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவதையும் விடவில்லை. தினம் பத்து தரம் அந்த அண்ணாச்சியைக் கேட்டுக்கொண்டு நான் வேலை பார்த்தேன்.

அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு மடைப்பலகை வேலை வந்தது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே எட்டு மைலில் ஆற்றிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் பிரிகிறது. அதன் தலைமடையை இரண்டு கல் தூணுக்கு நடுவே ஏறி இறங்குகிற ஒரு பலகையால் அடைக்க வேண்டும். நான்கு அடி உயரத் தேக்குப் பலகை, நான்கு மூலையிலும் இரும்புப் பட்டை. ஓரடிக்கு அரை நூல் கோணல் என்றால் நான்கு அடிக்கு இரண்டு நூல். பட்டறையில் எல்லாம் பொருந்தின. மடையில் பொருந்தவில்லை. ஏனென்றால் அங்கே தூணையும் அதில் பதித்த இரும்புப் பள்ளத்தையும் நிறுத்தியவர் அசன் மைதீன் கொத்தனார். அவர் எங்கள் தாயைக் கேட்டு நிறுத்தவில்லை, தூக்குக்குண்டைக் கேட்டு நிறுத்தியிருந்தார்.

பொருத்துவதற்கு நான்தான் போயிருந்தேன். பலகையை இறக்கியபோது கரைப்பக்கக் கீழ்மூலை பள்ளத்தில் உரசிக்கொண்டு இறங்கியது.

"பலகை மூலை சாஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றார் கொத்தனார்.

"ஒம்ம தூணு சாஞ்சிருக்கும்."

அவர் தகராறு செய்யவில்லை. நூலைத் தூணோரமாகத் தொங்கவிட்டு, குண்டு ஆடி நிற்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டு காட்டினார். நான் ஆற்றைப் பார்த்தேன். மூலையில் கொழுப்பைத் தடவச் சொன்னேன். ஆவணி மாதம், மரம் காய்ந்திருந்தது. பலகை ஏறி இறங்கியது. தண்ணீரில் ஊறினால் தேக்கும் கொஞ்சம் பருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மழைக்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

1910 நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் மடை காவல்காரன் முத்துமாலை அனுப்பிய ஆள் வந்தான். ஆற்றில் வெள்ளம், மடைப்பலகை ஒரு முழம் திறந்தபடி மாட்டிக்கொண்டது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தண்ணீர் வாய்க்காலுக்குள் பாய்கிறது. வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் அதன் ஓரத்தில் இருக்கிற இருபது குடிசையும் போய்விடும். முதலாளி வண்டி பூட்டச் சொன்னார். கூட யார் வருவது என்றார். இசக்கியப்பன் வரட்டும் என்றேன். நீந்தத் தெரிந்தவன் அவன்தான்.

மடையில் தண்ணீர் இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதுதான் கேட்கும். முதலாளி குடிசைக்காரர்களோடு சற்றுத் தள்ளி மேட்டில் நின்றார். மடைத் தூணருகில் நாங்கள் மூன்று பேர்: முத்துமாலை, நான், இசக்கியப்பன். மாட்டியிருக்கிற மூலையைக் கடப்பாரையால் நெம்பிவிட்டால் பலகை தன் கனத்திலேயே இறங்கிவிடும். ஆனால் எந்த மூலை என்பது தெரிய வேண்டும். தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தது. கரைப்பக்கத்தில் கல் படி உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்று நெம்பலாம். எதிர்ப்பக்கத்தில் படி இல்லை. ஆழம். பலகைக்குக் கீழே பாய்கிற தண்ணீர் அங்கேதான் சுழித்து இழுக்கும்.

இசக்கியப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். காதோரம் குனிந்து பேசினான்.

"அண்ணாச்சி, பழசு எதையும் நான் கேக்கல. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். பலகை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

அற்ப மானத்துக்காக ஒரு மரத்துண்டில் பொய் சொன்னவன் ஆற்றுக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டான் என்று அவன் நம்பியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வர வேண்டியது கரைப்பக்கம் என்கிற ஒரே வார்த்தை. முத்துமாலை கேட்டுக்கொண்டு நின்றான். சொன்னால், பலகை கோணல் என்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அவனிடமிருந்து கொத்தனாருக்கு, அங்கிருந்து முதலாளிக்கு. பெட்டி, அரம், எரித்த பலகை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

"எங்கனயும் சாயலலே. நேராத்தான் இருக்கு" என்றேன். அவன் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டான். "கரைப்பக்கம் நான் பாத்தாச்சு. அங்கன ஒண்ணுமில்ல. அந்தப் பக்கந்தான் சகதி அடைச்சிருக்கும். போய்ப் பாரு."

போனான். தூண் மேல் கால் வைத்துக் கடந்து எதிர்ப்பக்கத்தில் இறங்கினான். இரண்டு தரம் முங்கி நெம்பினான். அங்கே நெம்ப ஒன்றுமில்லை. மூன்றாவது தரம் முங்கியபோது கயிறு விறைத்தது. முத்துமாலையும் நானும் பிடித்து இழுத்தோம். நானும் என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். கயிறு வெறுமனே வந்தது. பலகைக்கு அடியில் புகுந்து அவன் வாய்க்காலுக்குள் போய்விட்டான். மேட்டில் நின்றவர்கள் கத்திக்கொண்டு வாய்க்கால் கரையோடு ஓடினார்கள், முதலாளியும் ஓடினார்.

மடையில் நானும் முத்துமாலையும் மட்டும் நின்றோம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இருபது குடிசை இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. இன்னொரு கடப்பாரையை முத்துமாலை கையில் கொடுத்து, "கரைப்பக்கக் கீழ்மூலையை நெம்பு" என்றேன். அவன் படியில் இறங்கி நின்று மூன்று தரம் நெம்பினான். பலகை இறங்கி மடையை அடைத்தது. இரைச்சல் சட்டென்று குறைந்துவிட்டது. முத்துமாலை தண்ணீரிலேயே நின்றுகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்த மூலைய முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி."

அவன் கேட்டது அவ்வளவுதான்.

மத்தியானம் இரண்டு மைல் தள்ளி, வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருந்த பனந்தடியில் உடல் கிடைத்தது. கிராம முன்சீப் வந்து விசாரித்தார். இசக்கியப்பன் அவசரப்பட்டு ஆழப்பக்கம் இறங்கிவிட்டான், நான் தடுத்தும் கேட்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்தேன். முத்துமாலையை யாரும் கேட்கவில்லை. அவனும் தானாக வாய் திறக்கவில்லை. குடிசைகளைக் காப்பாற்றியதற்காக முதலாளி என் தோளைத் தட்டினார். பட்டறையில் இன்றைக்கும், பெரியவர்கள் பேச்சைக் கேட்காத ஆளைப் பற்றிப் பேசும்போது இசக்கியப்பன் பெயரைச் சொல்கிறார்கள். நான் அங்கேதான் நிற்கிறேன். மறுத்ததில்லை.

பதினாறு நாள் காரியம் முடிந்த பிறகு அவன் மனைவி சந்தனமாரி அவனுடைய மட்டத்தை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்தாள். தன் தம்பி தூத்துக்குடியில் தச்சு வேலைக்குப் போகிறான், அவனுக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். "நீங்க ஒரு தரம் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க அண்ணாச்சி. அவுக உங்களத்தான் நம்புவாக." வாங்கிப் பார்த்தேன். ஈட்டிக் கட்டையில் அவன் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு வழவழப்பு இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வெட்கம் என்றால் முகம் சிவப்பது, தலை குனிவது என்று சொல்வார்கள். எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது. இப்போதும் எழுதும்போது பேனா வழுக்குகிறது.

தாயை ஏன் அதன் பிறகாவது சரி செய்யவில்லை என்று கேட்பீர்கள். அரை நாள் வேலைதான். ஆனால் தாயைச் சரி செய்தால், அடுத்த திங்கட்கிழமை எல்லா மட்டத்திலும் மறுபடி வெளிச்சம் கசியும். மே மாதம் என்றால் கோடை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தரமும் கோடை என்றால் நம்புவார்களா? ஆகவே தாய் அப்படியே இருக்கிறது. எட்டுப் பேரும் வாரம் தவறாமல் தங்கள் மட்டத்தை அதன் மடியில் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு வேலைக்குப் போகிறார்கள்.

இப்போது 1912 செப்டம்பர். ஸ்ரீவைகுண்டம் பக்கம் மூன்று மடைகளுக்குப் பலகை செய்யும் வேலை வந்திருக்கிறது. முந்தின பலகை வெள்ளத்தைத் தாங்கியது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். தேக்கு அறுத்தாயிற்று. மூலைக்குக் கோடு கீறியாயிற்று. ஐப்பசி பிறப்பதற்குள் மூன்றையும் பொருத்திக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மடைக்கும் கீழே எத்தனை வீடு என்று நான் விசாரிக்கவில்லை. அந்த மூன்று பலகையும் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் இது யாருக்காவது தெரிந்தாக வேண்டும். அதனால்தான் கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். பலகை விளிம்பைச் சரித்தது என் கை. இசக்கியப்பனைச் சுழிக்கு அனுப்பியது என் வாய். அங்கே சுழி உண்டு என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

இந்தத் தாள்களை நாளைக்கு ஆராதனை முடிந்ததும் உங்கள் கையில் கொடுப்பதாக இருந்தேன். நாளைக்கு ஸ்தோத்திரப் பண்டிகை. கூட்டம் நெருக்கும், நீங்களும் களைத்திருப்பீர்கள். அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அதுவரைக்கும் வீட்டில் வைத்தால் யூனிஸ் கண்ணில் படும். ஆகவே தாயின் பெட்டியில், நீலப் பட்டுக்கு மேலே, தாய்க்குக் கீழே வைக்கிறேன். ஒளித்து வைக்கவில்லை, ஐயா. பெட்டியைத் திறந்து தாயை எடுத்தால் முதலில் தெரிவது இதுதான். திங்கட்கிழமை முதலாளி ஜெபம் பண்ணும்போது நான் பெட்டியைத் திறப்பேன். அப்போது எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள்.